மூன்று பேரைக் கூப்பிட்ட முயல்

"ராக்கெட், டீஃப்ஸ், ஃப்ளோர், இப்பவே போகணும்! ராக்கெட், டீஃப்ஸ், ஃப்ளோர், இப்பவே போகணும்!"

ஒரு முயல் இப்படிக் கத்துகிறது. அதற்கு முழு வாக்கியம் பேச வராது. தெரிந்த நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, திரும்பத் திரும்ப அதையே சொல்கிறது. பக்கத்தில் லைலா என்கிற நீர்நாய் சுடப்பட்டுக் கிடக்கிறது. அவற்றின் தோழன் ராக்கெட் அதை அணைத்தபடி அந்த இடத்தை விட்டு அசைய மறுக்கிறான்.

2023 மே மாதம், பள்ளி விடுமுறையில், அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' மூன்றாம் பாகத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது பதினோரு வயது. விண்கலம், சண்டை, பாட்டு, பேசும் மரம் என்று முதல் இரண்டு பாகங்களை வீட்டில் பார்த்துச் சிரித்தவள், இதிலும் அதைத்தான் எதிர்பார்த்து வந்தாள். இந்தக் காட்சி வந்ததும் பாப்கார்ன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வரிசையில் யாரும் பேசவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை வாய்விட்டு அழ, அதன் அப்பா தூக்கிக்கொண்டு வெளியே போனார். நானும் அழுதேன். கண் கலங்கியது என்ற அளவில் இல்லை, துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொள்ளும் அளவுக்கு.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டாள்: "அத்தை, அந்த முயல் லைலா பேரை மட்டும் சொல்லவே இல்ல, கவனிச்சீங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு நிமிடம் முன்புவரை அவர்கள் நான்கு பேர். நான்கு பேரிலும் மூளை அதிகம் ராக்கெட்டுக்குத்தான், விண்கலம் ஓட்டுகிற அளவுக்கு. அவனால் ஏற்றுக்கொள்ள முடியாததை, சரியாகப் பேசவே வராத அந்த முயல் உடனே ஏற்றுக்கொண்டுவிட்டது. லைலா இனி இல்லை, மிச்சம் இருப்பது மூன்று பேர் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் மூன்று பெயர். அடுத்த சில நொடிகளில் அந்த முயலும், டீஃப்ஸ் என்கிற வால்ரஸும் (தந்தம் போல நீண்ட பல்லுள்ள கடல்விலங்கு) குண்டடிபட்டுச் சாகின்றன.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன். ராக்கெட் ஒரு ராக்கூன், வட அமெரிக்கக் காட்டுவிலங்கு. முதல் பாகம் 2014இல் வந்தபோதே அவன் முதுகில் பதித்த உலோகத் துண்டுகளையும் தழும்புகளையும் ஒரு சிறைக் காட்சியில் ஒரு கணம் காட்டியிருப்பார்கள். இன்னொரு காட்சியில் குடித்துவிட்டு, என்னை இப்படிப் படைக்கச் சொல்லி நான் கேட்டேனா, பிய்த்துப் பிய்த்து ஒட்டவைக்கச் சொன்னேனா என்று கத்துவான். அப்போது அது போகிறபோக்கில் வந்த காட்சியாகத்தான் தெரிந்தது. எழுதி இயக்கிய ஜேம்ஸ் கன் அந்த ஒரு முடிச்சை ஒன்பது வருடம் வைத்திருந்து மூன்றாம் பாகத்தில் அவிழ்க்கிறார். ஹை எவல்யூஷனரி என்பவன் குறையே இல்லாத ஓர் உலகத்தைப் படைக்க ஆசைப்பட்டு, விலங்குகளை அறுத்து, இயந்திரம் பொருத்தி, மூளையை வளர்த்துப் பரிசோதிக்கிறான். அவனுடைய 89ஆவது தொகுதியில் ஒரு குட்டி ராக்கூன். 89பி13. அதுதான் ராக்கெட்.

குட்டி ராக்கூனை முதல் அறுவைக்குப் பிறகு ஒரு கூண்டறைக்குள் தள்ளுகிறார்கள். நடுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். முன்னங்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் உலோகக் கைகளோடு நீர்நாய். உடம்பின் பின்பாதியில் சக்கரம் வைத்த வால்ரஸ். சிலந்திக்கால் போல இரும்புக்கால்களும் வாயை மூடிய கவசமுமாக முயல். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். குட்டி சொல்வது, வலிக்கிறது என்று மட்டும். அந்த மூவரும் அதைச் சுற்றி நெருங்கி வருகிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் உயிர் அதற்குப் பிறகு வரும் ஒரு சின்னக் காட்சியில் இருக்கிறது. எல்லாரும் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். புதிய உலகத்துக்குத் தங்களை அழைத்துப் போவார்கள், அங்கே வானம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போனால் பெயர் வேண்டுமே என்று பேச்சு வருகிறது. நீர்நாய் தனக்கு லைலா என்று வைத்துக்கொள்கிறாள். வால்ரஸ், எனக்குப் பல் இருக்கிறது, ஆகவே என் பெயர் டீஃப்ஸ் என்கிறான். பல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக்கூட அவனுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. முயல், நான் தரையில் படுத்திருக்கிறேன், அதனால் என் பெயர் ஃப்ளோர் என்கிறது. தரை! தனக்குத் தெரிந்த உலகத்திலிருந்து அது எடுத்துக்கொண்ட ஒரே பொருள். கடைசியில் நம்ம ஆள்: ஒருநாள் பறக்கிற பெரிய இயந்திரங்கள் செய்வேன், நாம் எல்லாரும் சேர்ந்து வானத்தில் பறப்போம், அதனால் ராக்கெட்.

அந்த வீட்டில் நாற்காலியில்லை, பாயில்லை, ஜன்னலில்லை. இருந்தும் அங்கே பெயர்சூட்டு விழா நடக்கிறது. தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை சொல்ல அத்தை இல்லை. அவரவர் பெயரை அவரவரே சொல்லிக்கொள்கிறார்கள், மற்ற மூவரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

பிறகு நடப்பது தெரிந்ததுதான். புதிய உலகத்தில் இவர்களுக்கு இடமில்லை, இவர்கள் வெறும் ஒத்திகை, நாளைக் காலை எரித்துவிடப் போகிறார்கள் என்று ராக்கெட்டுக்குத் தெரியவருகிறது. ரகசியமாகச் சாவி ஒன்றைச் செய்து லைலாவின் கதவைத் திறக்கிறான். கதவு திறந்து, கட்டிப்பிடித்து, இரண்டு பேரும் சந்தோஷப்படும் அந்த நொடியில் குண்டு வருகிறது.

இத்தனைக்கும் திரையில் ஒரு நிஜ மிருகம்கூடக் கிடையாது. எல்லாம் கணினியில் வரைந்தவை. படப்பிடிப்பில் ராக்கெட்டாகக் குந்தி உட்கார்ந்து நடித்தவர் இயக்குநரின் தம்பி ஷான் கன். முதல் பாகத்தில் ராக்கெட்டை வரைய முன்மாதிரியாக ஓரியோ என்று ஒரு நிஜ ராக்கூன் இருந்தது. அதுவும் 2019இல் இறந்துவிட்டது. ஆக நாங்கள் அழுதது வரைபடங்களுக்கு. "அதுங்க நிஜமா செத்துடுச்சா அத்தை?" என்று அவளும் கேட்டாள், பதில் தெரிந்துகொண்டே.

விலங்கு செத்தால் ஏன் இவ்வளவு அழுகிறோம்? குழந்தை மாதிரி, அதற்கு ஒன்றும் தெரியாது, தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லை. பலரும் சொல்லும் பதில் இதுதான். அமெரிக்காவில் ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. ஒரே தாக்குதல் செய்தியை எழுதி, அடிபட்டவரை மட்டும் மாற்றி மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவருக்கு வளர்ந்த மனிதர், ஒருவருக்கு நாய்க்குட்டி, ஒருவருக்கு வளர்ந்த நாய். குறைவான இரக்கம் வாங்கியது வளர்ந்த மனிதர்தான். வளர்ந்த நாய்கூடக் குட்டியைப் போலவே பார்க்கப்பட்டது. நாயை நாம் பெரியவர்களின் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்று தெரிகிறது. இதில் உண்மை இருக்கிறது. படத்தில் நாய் சாகுமா என்று முன்கூட்டியே சொல்வதற்காகவே ஒரு இணையதளம் பல வருடமாக நடக்கிறது. மனிதர்கள் சாவார்களா என்று கேட்டுக்கொண்டு யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

ஆனால் இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. காரணம், இதே படத்தில் ஒரு முழுக் கிரகம் அழிகிறது. பூமியைப் போலவே தெருவும் வீடும் காரும் வைத்து ஹை எவல்யூஷனரி செய்த உலகம் அது. அங்கே வாழ்பவர்கள் எல்லாரும் விலங்கிலிருந்து மனித உருவத்துக்கு மாற்றப்பட்டவர்கள். நம் நாயகர்களை ஒரு குடும்பம் வீட்டுக்குள் கூப்பிட்டு உபசரிக்கவும் செய்கிறது. இதுவும் சரியாக வரவில்லை என்று அவன் அந்த உலகத்தையே வெடிக்க வைக்கிறான். அத்தனை பேரும் சாகிறார்கள். அவர்களும் அப்பாவிகள், அவர்களும் விலங்குகள், அவர்களுக்கும் தற்காத்துக்கொள்ள வழியில்லை. எங்கள் தியேட்டரில் ஒருவர்கூட அழவில்லை. நானும்தான். என்னிடம் மிச்சமிருந்த பாப்கார்னை அப்போதுதான் சாப்பிட்டேன் என்று நினைவு.

வித்தியாசம் பெயரில் இருக்கிறது. அந்தக் கிரகத்தில் செத்தவர்கள் பெயரை நாம் கேட்கவில்லை. இந்த மூன்று பேர் பெயர் வைத்துக்கொண்டபோது நாம் கூட இருந்தோம்.

தமிழில் இது இன்னும் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உயர்திணை, அஃறிணை என்று படித்தோம். விலங்கெல்லாம் அஃறிணை, 'அது', 'வந்தது', 'போனது'. ஆனால் எந்த வீட்டிலாவது மாட்டுக்கு லட்சுமி என்று பெயர் வைத்த பிறகு "லட்சுமி வந்ததா" என்று கேட்கிறார்களா? "லட்சுமி வந்தாளா, தண்ணி குடிச்சாளா" என்றுதான் கேட்பார்கள். பெயர் வந்தவுடன் திணை மாறிவிடுகிறது. இதை எழுதும்போதே பாருங்கள், கட்டுரையின் தொடக்கத்தில் நீர்நாய் சுடப்பட்டுக் கிடக்கிறது என்று எழுதினேன். பெயர்சூட்டும் காட்சியைச் சொல்லும்போது என்னை அறியாமல் 'அவள்' ஆகிவிட்டாள். திருத்தலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இது வெறும் சினிமா விஷயமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நான் எம்.ஃபார்ம் படித்தவள். மருந்தியல். இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு மூலிகைச் சாறு வீக்கத்தைக் குறைக்கிறதா என்று எலிகளில் பார்த்தேன். எங்கள் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை, அன்றைக்கு எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தது. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கித்தான் செய்தோம், விதிப்படிதான் செய்தோம்.

அனிமல் ஹவுஸ் கட்டடத்தின் கோடியில் இருந்தது. உள்ளே போனதும் உமியும் மூத்திரமும் தீவனமும் கலந்த ஒரு நெடி அடிக்கும், பத்து நிமிடத்தில் பழகிவிடும். பிளாஸ்டிக் கூண்டுகள், மேலே கம்பி மூடி, அதில் சரித்துச் செருகிய தண்ணீர் பாட்டில். வெள்ளை எலிகள், ஒவ்வொன்றும் நூற்றைம்பதிலிருந்து இருநூறு கிராம் இருக்கும். ஒரு குழுவுக்கு ஆறு. காராஜீனன் என்று கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பொருள், ஐஸ்கிரீமில்கூடச் சேர்ப்பார்கள். அதை 1 சதவீதக் கரைசலாக்கிப் பின்னங்காலின் பாதத்தில் 0.1 மில்லி ஊசி போட வேண்டும். பாதம் வீங்கும். மணிக்கு ஒருமுறை அந்தக் காலை அளவுக்குழாயில் அமிழ்த்தி எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு என் மூலிகைச் சாறு. ஒரு குழுவுக்குக் கடையில் விற்கும் வலிமருந்து. இன்னொரு குழுவுக்கு மருந்தே கிடையாது, ஊசி மட்டும். அதற்குப் பெயர் கன்ட்ரோல். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வலியை முழுதாக வாங்கிக்கொள்ளும் குழு.

ஆறும் வெள்ளையாக இருந்தால் எது எது என்று எப்படித் தெரியும்? பிக்ரிக் அமிலத்தால் குறி போடுவோம். பளிச்சென்ற மஞ்சள். பஞ்சில் தொட்டு, ஒன்றுக்குத் தலையில், ஒன்றுக்கு முதுகில், ஒன்றுக்கு வாலில், ஒன்றுக்குத் தலையிலும் முதுகிலும், ஒன்றுக்குத் தலையிலும் வாலிலும். ஆறாவதுக்கு எதுவும் வேண்டாம். குறி இல்லாததே அதன் குறி. கையுறை கிழிந்திருந்தால் நம் விரலிலும் அந்த மஞ்சள் ஏறிக்கொண்டு பல நாள் போகாது. சாப்பிட உட்காரும்போது தெரியும்.

அங்கே கூண்டு சுத்தம் செய்ய ஓர் அண்ணன் இருந்தார். உமி மாற்றும்போது எலிகளோடு பேசிக்கொண்டே இருப்பார். "வாடா ராசா, தள்ளிக்கோ ராசா." எல்லா எலியும் ராசாதான். ஆணோ பெண்ணோ, இந்தக் கூண்டோ அந்தக் கூண்டோ. ஒருநாள் கேட்டேன், ஏன் அண்ணா எல்லாத்துக்கும் ஒரே பேர் என்று. அவர் கையிலிருந்த கூண்டை அலமாரியில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "தனித்தனியா பேர் வச்சா, குறையறது தெரியும்மா."

கன்ட்ரோல் குழுவில் என் ஆறாவது எலி, குறி இல்லாதது. கம்பி மூடியைத் திறந்தால் மற்ற ஐந்தும் மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இது மட்டும் முன்னால் வரும். கையுறை விரல்நுனியை மோந்து பார்க்கும். ஊசி போட்ட அன்றைக்கும் மூன்றாவது மணி நேர அளவு எடுக்கத் திறந்தபோது, வீங்கின காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு, மற்ற மூன்று காலில் நொண்டி வந்து மோந்து பார்த்தது. நான் அதன் காலைப் பிடித்து அளவுக்குழாயில் விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆய்வு முடிந்ததும் மயக்கமருந்தைக் கூடுதலாகக் கொடுத்து முடித்தோம். அதை நான்தான் செய்தேன். அன்றைக்கு நான் அழவில்லை. பதிவேட்டில் எழுதிவிட்டு, கை கழுவி, ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

பதினைந்து வருடம் கழித்து ஒரு ஏசி தியேட்டரில் அந்த உமி நெடி வந்தது. 89பி13 என்று அந்தக் குட்டியைக் கூப்பிட்டபோது வந்தது. என் பதிவேட்டின் முதல் பத்தியில் நான் எழுதிய ஆங்கில எழுத்துகள் ஞாபகம் வந்தன. தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. ஆறாவதுக்கு வெறும் கோடு.

மருந்து ஆராய்ச்சியே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் தட்டுக்குக் கீழே, அப்பாவின் இன்சுலின் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்தை அறுத்தெடுத்து அவற்றுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்தார்கள். பிறகு வேறு நாயின் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் போட்டு, எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தார்கள். 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு 14 வயதுப் பையனுக்கு அந்தச் சாறு போடப்பட்டது. அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகளுக்குப் பட்டினிச் சாவுதான். இன்றைக்கு இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள், 1982இலிருந்து அந்த வகை விற்பனைக்கு இருக்கிறது. தொடங்கியது அந்த நாய்களிடமிருந்துதான்.

அந்த நாய்களுக்கும் எண்தான். 92 என்ற எண்ணுள்ள 'காலி' (collie) இனத்தைச் சேர்ந்த ஒரு மஞ்சள் நிற நாய், கணையம் இல்லாமல் இருபது நாள் வாழ்ந்தது. அது செத்ததைப் பற்றிப் பான்டிங் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நோயாளிகள் சாவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, அந்த நாய் செத்தபோது மட்டும் தனியாக இருக்கத் தோன்றியது, என்ன செய்தும் கண்ணீர் நிற்கவில்லை, பெஸ்ட் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தை மறைத்துக்கொண்டேன் என்கிறார். 33ஆம் எண் நாய்க்கு அவர்கள் மார்ஜரி என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவள் எழுபது நாள் இருந்தாள்.

நோபல் பரிசு வாங்கிய மனிதர் பக்கத்தில் இருப்பவரிடம் முகத்தை மறைத்திருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து, தியேட்டரில் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டது எனக்குக் கூச்சமாக இல்லை.

படத்தில் காஸ்மோ என்று ஒரு நாயும் வருகிறது, சோவியத் விண்வெளி உடுப்போடு. அதைப் பார்க்கிற யாருக்கும் லைக்கா ஞாபகம் வரும். மாஸ்கோ தெருவில் பிடித்த நாய். 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2இல் வைத்து அனுப்பினார்கள். திரும்பி வர ஏற்பாடே செய்யவில்லை. ஏவுவதற்கு முன்னால் யாஸ்தோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தன் குழந்தைகளோடு விளையாட விட்டிருக்கிறார், இருக்கப் போவது கொஞ்ச நாள், ஏதாவது நல்லது செய்ய நினைத்தேன் என்று. அவள் மேலே போன சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்தாள். அந்த உண்மை 2002இல்தான் வெளியே வந்தது. அந்தத் திட்டத்தில் இருந்த கசென்கோ 1998இல், நாட்கள் போகப் போக வருத்தம் கூடுகிறது, அந்த நாயின் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னார். வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் யாஸ்தோவ்ஸ்கிக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் கூட்டிப்போனாரே.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது என் தோழி ஒருத்தி கோபப்பட்டாள். குழந்தைகள் பார்க்கிற படத்தில் இவ்வளவு கொடூரம் எதற்கு, அழவைக்க வேண்டும் என்றே குட்டிகளைக் கொண்டுவந்து கொல்கிறார்கள், இது மலிவான வித்தை என்றாள். அவள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. முன்வரிசைக் குழந்தையின் அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது. சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மலிவு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அழவைத்துவிட்டு நகர்ந்துவிட்டிருந்தால் மலிவு. இந்தப் படம் அங்கே நகரவில்லை. சாகிற நிலையில் இருக்கும் ராக்கெட் ஒரு வெள்ளை வெளியில் லைலாவையும் மற்ற இருவரையும் திரும்பப் பார்க்கிறான். அவர்களோடு போக ஆசைப்படுகிறான். உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அவள் திருப்பி அனுப்புகிறாள். கடைசியில் எதிரியின் கப்பலில் எல்லாரும் தப்பி ஓடும்போது அவன் ஒரு கூண்டின் முன்னால் நிற்கிறான். உள்ளே குட்டிகள். கூண்டின் மேல் எழுதியிருக்கிறது, ராக்கூன், வட அமெரிக்கா என்று. மூன்று படமாக, நான் ராக்கூன் இல்லை என்று சண்டை போட்டவன் அதைப் படித்துவிட்டுக் குட்டிகளை எடுத்து அணைத்துக்கொள்கிறான். பிறகு எல்லாக் கூண்டையும் திறக்கிறார்கள்.

விலங்குரிமை அமைப்பான பீட்டா படம் வந்த மாதமே ஜேம்ஸ் கன்னுக்கு ஒரு விருது கொடுத்தது. அந்த விருதின் பெயரே 'எண் அல்ல' (Not a Number). அவர்களுடைய எல்லா வாதத்தோடும் எனக்கு உடன்பாடு கிடையாது, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விருதுக்கு அந்தப் பெயரை வைத்தவர் படத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

நடுவில் எவ்வளவோ மாறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதா கொண்டுவந்ததிலிருந்து தொடங்கிய முயற்சி அது. விலங்குச் சோதனைகளை மேற்பார்க்கும் குழு அந்தச் சட்டத்திலிருந்துதான் வருகிறது. அழகுசாதனப் பொருட்களை விலங்கில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது. புதுச்சேரி ஜிப்மரில் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் இருக்கிறது, வகுப்பில் காட்டுவதற்காக ஓர் உயிரை எடுக்க வேண்டிய பாடங்களைத் திரையிலேயே செய்துவிடலாம். முடிந்த இடத்தில் விலங்கைத் தவிர், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, அதற்கும் மேல் வலியைக் குறை என்ற நெறியை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே எழுதிவிட்டார்கள். நான் படித்த காலத்திலும் அது பரீட்சைக் கேள்விதான். ஐந்து மதிப்பெண். நன்றாக எழுதினேன். ஆறு எலிக்குப் பதில் ஐந்து போதுமா என்று என் வழிகாட்டியிடம் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருடம் விடுமுறைக்கு வந்திருந்தபோது அண்ணன் மகள் அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். இப்போது உயரத்தில் என்னை நெருங்கிவிட்டாள். லைலாவின் கூண்டுக் கதவு திறக்கும் நேரம் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். "நீங்க பாருங்க அத்தை, முடிஞ்சதும் கூப்பிடுங்க." நான் பார்த்தேன். முயல் மூன்று பெயரையும் சொல்லி முடிக்கும்வரை பார்த்தேன். அப்புறம் கூப்பிட்டேன்.

கடைசிக் காட்சிகள் வரும்போது அப்பா சாப்பாட்டுக்கு முந்தைய ஊசிக்காக எழுந்து வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, பனியனைத் தூக்கி வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தபடி டிவியைப் பார்த்தார். ராக்கெட் கூண்டுக்குள் கைவிட்டுக் குட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை குட்டிம்மா அது?" என்றார் அப்பா.

"எண்ணல தாத்தா" என்றவள், ரிமோட்டை எடுத்துப் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, எண்ண ஆரம்பித்தாள்.